விபத்தில்லாத 412-ஆம் நாள்

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோல் கம்பெனியில் முதலுதவிப் பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று காயத்துக்கு. இன்னொன்று விஷத்துக்கு.

காயப் பெட்டி பூட்டியே இருக்கும். சாவி பர்சனல் மேனேஜர் அருணகிரியின் மேஜை டிராயரில். பூட்டுக்குக் காரணம் இருந்தது. பெட்டியைத் திறந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டில் எழுதினால் அது விபத்து. விபத்து என்றால் வாசலில் நிற்கும் 'விபத்தில்லா நாட்கள்' பலகையில் உள்ள எண்ணை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட வேண்டும். பூஜ்யத்தைப் பார்த்தால் வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வரும் பையர் முகம் சுளிப்பார். ஆகவே பெட்டி திறக்கப்படவில்லை. பெட்டி திறக்கப்படாததால் விபத்தும் நடக்கவில்லை.

அப்படி நடக்காதவற்றில் ஒன்று கோபியின் விரல். தோலைச் சீவும் ஷேவிங் மிஷினில் நடுவிரல் நுனி போனபோது இன்னா நெனப்புல இருந்தே என்று கேட்டார்கள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நினைப்பு என்று அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். 'குடும்பக் காரணம்' என்று எழுதி முடித்தார்கள். தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் பக்கத்தில் சிந்திக் கிடந்த எண்ணெயில் வழுக்கிக் கெங்கம்மாளின் கால் உடைந்தது. அவள் அப்போது கக்கூசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அது சொந்த வேலை. சொந்த வேலைக்கு நடக்கிற நடைக்குக் கம்பெனி பொறுப்பேற்க முடியாது.

விஷப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. அதற்குள் ஒரு கட்டுப் படிவமும் நூலில் கட்டிய ஒரு பேனாவும் மட்டும் இருந்தன. அவை அங்கே வந்து சேர்ந்தது அமிர்தவள்ளிக்குப் பயிற்சி கொடுத்த பிறகு.

அமிர்தவள்ளி டிரம் செக்‌ஷனில் சாயத்தூள் நிறுத்துக் கொடுப்பவள். பன்னிரண்டாவது பாஸ். செக்‌ஷனில் அவ்வளவு படித்த பொம்பளை வேறு யாரும் இல்லாததால் அவளை முதலுதவியாளர் ஆக்கினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து சோபனா என்ற நர்ஸை வரவழைத்து அரைநாள் வகுப்பு நடத்தினார்கள்.

"ரத்தம் வந்தா யோசிக்காதீங்க," என்றாள் சோபனா. "துணிய வச்சி அழுத்துங்க. எப்பிடி ஆச்சு, யாரு மேல தப்பு, அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். வெசம் அப்பிடி இல்ல. வெளிய ஒண்ணும் தெரியாது. அங்க மொதல்ல கேக்கணும். இன்னா குடிச்சாரு, எவ்ளோ குடிச்சாரு, எப்ப குடிச்சாரு. மூணே கேள்வி, அர நிமிசம். ஆசிட்டா இருந்தா வாந்தி மட்டும் எடுக்க வைக்காதீங்க. எறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். வாயக் கொப்புளிக்க வச்சி, அந்த பாட்டிலயும் கையோட எடுத்துக்கினு ஓடியாங்க. பாட்டில் வந்துட்டா டாக்டருக்குப் பாதி வேல முடிஞ்சிது."

அமிர்தவள்ளி ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

முடிவில் சேஃப்டி ஆபீசர் வசந்த் பேச எழுந்தார். என்ஜினீயரிங் படித்த வெளியூர்க்காரர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது.

"சிஸ்டர் நல்லா சொன்னாங்க. நான் அதையே கொஞ்சம் சிஸ்டமேட்டிக்கா சொல்றேன். காயம் மெஷின்லேருந்து வருது. மெஷின் கம்பெனியோடது. அதனால காயம்னு எழுதினா அது கம்பெனி மேல வந்து நிக்குது. விஷம் அப்படி இல்ல. அது வாய் வழியா போகுது. வாய் யாருது? இந்தக் கம்பெனி இதுவரைக்கும் எந்தத் தொழிலாளியோட வாயையும் திறந்து பார்த்ததில்ல. அதனால விஷத்துக்கு முதலுதவி, கேள்வி. இது நான் சொல்லல, சிஸ்டரே சொன்னது."

எல்லோரும் கைதட்டினார்கள். சோபனா மட்டும் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள்.

அடுத்த வாரம் அந்த மூன்று கேள்விகளும் இருபத்து நான்காகப் பெருகி அச்சாகி வந்தன. தானே குடித்தாரா, குடும்பத்தில் சண்டை உண்டா, காதல் தோல்வி உண்டா, தூக்கம் ஒழுங்காக வருகிறதா. பத்தொன்பதாவது கேள்வி, நிர்வாகத்தின் மீது மனக்குறை உண்டா என்பது. அதற்கு மட்டும் 'இல்லை' என்று பதிலையும் சேர்த்தே அச்சடித்திருந்தார்கள்.

அமிர்தவள்ளிக்கு ஒரு பச்சை பேட்ஜ் கொடுத்தார்கள். ஐம்பது லேபிள்களையும் நீட்டினார்கள். சிவப்பில் மண்டை ஓடு, கீழே 'நச்சு. குடிக்காதே', அதற்கும் கீழே 'தேதி', 'பரிசோதித்தவர்'.

"கையெழுத்து போட்டுடுங்க. தேதி அப்புறம் போட்டுக்கலாம்," என்றார் வசந்த்.

பிள்ளைகளின் ரேங்க் கார்டுக்கு அப்புறம் அவளிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. ஐம்பதிலும் கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, நிறுத்தி நிதானமாகப் போட்டுக் கொடுத்தாள்.

அதே செக்‌ஷனில் டிரம்முக்குள் தோலைத் தள்ளுகிறவன் தானியேல். அமிர்தவள்ளியின் புருஷன் இன்பராஜுக்குத் தம்பி. இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். ஐப்பசியில் அவனுக்கும் திருப்பத்தூர் மேகலாவுக்கும் நிச்சயம் ஆனது. கல்யாணம் தை மாதம் என்று பாதிரியாரிடம் சொல்லியாகிவிட்டது.

தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லோரும் ஒரே மாதிரி ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார்கள். மாறிப்போகாமல் இருக்க அவரவர் பாட்டில் கழுத்தில் ஒரு தோல் வாரைக் கட்டிவைப்பார்கள். வார் கட்டிய பாட்டிலை வேறு யாரும் தொட மாட்டார்கள். தானியேலின் வார் மெரூன் நிறம். ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கும் மேகலா, லைனிங் தோலில் வெட்டி, இரண்டு ஓரமும் பொடித் தையல் போட்டுக் கொடுத்தது. "பாட்டிலுக்கே தாலி கட்டிட்டியாடா" என்று டிரம் ஃபோர்மேன் ரஃபி அகமது கிண்டல் செய்வார்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி பையர் ஆடிட்டுக்கு வந்தார். பலகையில் 412.

அன்று காலையிலேயே, பார்க்க நன்றாக இல்லாத எல்லாவற்றையும் ஒளித்துவைக்கச் சொன்னார் வசந்த். கிழிந்த கையுறை, உடைந்த வாளி, ஆசிட் அளக்கும் கறுத்த குவளை, எல்லாம் கோணிக்குள் போய்விட்டன. பதினோரு மணிக்கு டிரம்முக்கு ஃபார்மிக் ஆசிட் ஊற்ற வேண்டிய நேரம் வந்தது.

"கொவள இல்லியே சார், எதுல அளக்கறது?" என்றார் ரஃபி அகமது.

வசந்த் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் வரிசையாகப் பாட்டில்கள். ஒன்றை எடுத்து மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நீட்டினார்.

"சார், அது ஆளு பாட்டிலு. வாரு கட்டிக்குது பாருங்க."

"அஞ்சு நிமிஷம்தானே பாய்."

ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்த ஆசிட்டைப் பாட்டிலில் பிடித்து முக்கால்வாசியை டிரம்முக்குள் ஊற்றினார்கள். அதற்குள் வாசலில் வெளிநாட்டுக்காரர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. வசந்த் மிச்சத்தோடு பாட்டிலை மூடி, எடுத்த இடத்திலேயே, மற்றப் பாட்டில்களோடு நூல் பிடித்தாற்போல வைத்தார். ஒவ்வொரு பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. எழுதிவைத்தவரும் அவர்தான்.

பன்னிரண்டு மணிக்கு தானியேல் தாகத்தோடு வந்தான். தோல் ஷாப்பில் பத்து வருஷம் வேலை செய்தவனுக்கு மூக்கு ஒரு பேருக்குத்தான். அண்ணாந்து இரண்டு மடக்கு குடித்தான். மூன்றாவது மடக்கு வாயிலேயே நின்றது.

அமிர்தவள்ளி ஓடிவந்தபோது அவன் தரையில் உட்கார்ந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் பாட்டிலை முகர்ந்தாள். வாயைக் கொப்புளிக்க வைத்தாள். யாரோ உப்புத் தண்ணி குடு, வாந்தி வரட்டும் என்றபோது கையைத் தட்டிவிட்டாள். ஒரு கையில் அவனையும் மறு கையில் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நோட்டில் எழுதியது எதையும் அவள் மறக்கவில்லை.

எதிரே அருணகிரியும் வசந்தும் வந்துவிட்டார்கள்.

"ரத்தம் வருதா?" என்றார் அருணகிரி.

"இல்ல சார். உள்ள வெந்துபோயிருக்குது. வேன எடுக்கச் சொல்லுங்க."

"ரத்தம் இல்ல. அப்போ காயம் இல்ல. வசந்த், இது உங்க பெட்டி."

வசந்த் விஷப் பெட்டியைத் திறந்து படிவத்தை எடுத்தார். வேனைப் பையர் படம் எடுத்துக்கொண்டிருப்பதால் எப்படியும் பத்து நிமிஷம் ஆகும், அதற்குள் முதலுதவியை முடித்துவிடலாம் என்றார்.

"முதல் கேள்வி. தானே குடித்தாரா?"

"அவனேதான் குடிச்சான் சார், தண்ணின்னு நெனச்சி."

வசந்த் 'அவனேதான் குடிச்சான்' என்று எழுதினார். கட்டத்தில் அவ்வளவுதான் இடம் இருந்தது.

"குடும்பத்துல சண்டை?"

"சார், அவன் மூச்சு விடறதப் பாருங்க சார்."

"சீக்கிரம் சொன்னா சீக்கிரம் போகலாம்மா. முதலுதவிக்காரங்களே ஒத்துழைக்கலன்னா எப்படி?"

இருபத்து நான்கு கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள். தானியேல் எச்சிலைக் கூட விழுங்க முடியாமல் அவள் சேலையில் வழியவிட்டுக்கொண்டிருந்தான். காதல் தோல்வி உண்டா என்று கேட்டபோது நிமிர்ந்து வசந்தை ஒருமுறை பார்த்தான். அடியில் அவள் கையெழுத்துப் போட்டாள். வேன் வந்தது.

"பாட்டில என்கிட்ட குடுங்க," என்றார் வசந்த். "வேன்ல குலுங்கிச் சிந்திடும். நான் கார்ல பின்னாடியே கொண்டுவர்றேன்."

பாட்டில் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அமிர்தவள்ளி கொடுத்துவிட்டாள்.

வசந்த் சொன்னபடியே ஆஸ்பத்திரிக்கு வந்தார், நாற்பது நிமிஷம் கழித்து. கையில் ஒரு பீனாயில் பாட்டில். பாதி காலி. கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு கூட இன்னும் காயவில்லை.

"இது இல்ல சார்," என்றாள் அவள்.

"பாவம், கூடப் பொறந்த மாதிரி. ஷாக்ல இருக்காங்க," என்று வசந்த் டாக்டரிடம் சொன்னார்.

டாக்டர் தானியேலின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார். பீனாயிலுக்கு இப்படி வேகாதே என்று முனகினார். ஆசிட்டுக்குச் செய்ய வேண்டியதைத்தான் செய்தார், நல்ல மனுஷன். ஆனால் எழுதும்போது எதிரே இருந்த பாட்டிலையும் படிவத்தையும் பார்த்து எழுதினார். தானே குடித்தது. தகவல் தந்தவர் கையெழுத்து, அமிர்தவள்ளி.

வாசலில் பலகை மறுநாள் 413 ஆனது.

ஒரு வாரத்துக்குள் செய்தி திருப்பத்தூருக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை விஷம் குடித்துவிட்டான். இங்கே இன்னொருத்தி இருக்கிறாளாம், இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லையாம். மேகலாவின் அப்பா அன்பரசன் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார். இருபத்தெட்டு வருஷம் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். இரண்டு கையிலும் நகம் பாதிதான் இருக்கும்.

"கடுதாசில இருக்கறது எனக்கு வேணாம்மா," என்றார் அமிர்தவள்ளியிடம். "கடுதாசி எப்பிடி எழுதுவானுங்கன்னு எனக்குத் தெரியாதா. ஆனா ஊரு வாய் இருக்குது, எம் பொண்ணு இருக்குது. நீ சொல்ற அந்த பாட்டில கொண்டாந்து காட்டு. கழுத்துல எம் பொண்ணு கட்டின வாரு இருந்தா போதும். வாரு கட்டின பாட்டில்ல ஒருத்தன் தானா ஆசிட்ட ஊத்திக் குடிக்க மாட்டான். நம்ப ஆளுங்களுக்கு அது புரியும்."

"கொண்டாறேன் மாமா."

தானியேல் பேச முயன்றான். காற்றுதான் வந்தது. பதினெட்டு நாள் கழித்து டிஸ்சார்ஜ் ஆனபோதும் அவனுக்குக் காற்றுதான் வந்தது. கஞ்சி மட்டும் இறங்கியது.

அமிர்தவள்ளி வசந்திடம் போனாள். அது அபாயகரமான கழிவு, விதிப்படி அழித்தாகிவிட்டது என்றார். அருணகிரியிடம் போனாள்.

"எந்த பாட்டில்? ஆஸ்பத்திரில இருக்கே பீனாயில் பாட்டில், அதானே?" என்றார். "உங்க கொழுந்தன வேலைய விட்டு அனுப்பிச்சோமா? போலீசுக்கு இழுத்தோமா? இன்னொரு கம்பெனியா இருந்தா தற்கொலைக்காரன உள்ளயே சேர்க்க மாட்டான். நாங்க அவனுக்கு கவுன்சலிங் தர்றோம்."

தந்தார்கள். ஒவ்வொரு செவ்வாயும் ஒரு அம்மாள் வந்து தானியேலுக்கு வாழ்க்கை அழகானது என்று சொன்னாள். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று ஒவ்வொரு செவ்வாயும் அவன் எழுதிக் கொடுத்தான். என்ன குடிக்க மாட்டான் என்பதற்குப் படிவத்தில் இடம் விட்டிருந்தார்கள். முதல் வாரம் அவன் 'தண்ணீர்' என்று எழுதினான். அந்த அம்மாள், முன்னேற்றம் இல்லை என்று குறித்துக்கொண்டாள்.

கடைசியில் அமிர்தவள்ளி ரஃபி அகமதுவைப் பிடித்தாள்.

"நீங்க பாத்தீங்க இல்ல பாய். வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அவர் கையுறையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே நின்றார். "அவன் என் தோஸ்து மாதிரி அமிர்தம்மா. ஆனா ஆசிட்ட ஊத்தினது என் கையி. நான் வாயத் தொறந்தா, பாட்டிலு எடுத்தவரு இருக்க மாட்டாரு, ஊத்தினவன்தான் இருப்பான். என்னை பேஜார் பண்ணாத."

தை வந்தது. மேகலா வீட்டிலிருந்து நிச்சயப் புடவை திரும்பி வரவில்லை. வேறு இடம் பார்க்கிறோம் என்றும் யாரும் சொல்லவில்லை. அன்பரசன் இன்னும் காத்திருந்தார். அதுதான் அமிர்தவள்ளியைத் தூங்கவிடாமல் செய்தது.

மார்ச் நான்காம் தேதி பாதுகாப்பு நாள். பலகையில் 524. பையர் மாலையோடு உட்கார்ந்திருந்தார். விஷ முதலுதவியைச் செய்து காட்ட அமிர்தவள்ளியைக் கூப்பிட்டார்கள். நோயாளியாகத் தானியேலை நிறுத்தினார் வசந்த்.

"அனுபவம் இருக்கு இல்ல, நேச்சுரலா வரும்," என்றார்.

மேடையோரத்தில் கண்காட்சி மேஜை. புதுக் கையுறை, புதுக் கண்ணாடி, அவற்றுக்கு நடுவே 'முறையாக லேபிள் ஒட்டப்பட்ட பாட்டில் – மாதிரி'. விதிப்படி அழிக்கப்பட்ட அந்தப் பாட்டிலின் கழுத்தில் மெரூன் வார் இருந்தது. இரண்டு ஓரமும் பொடித் தையல். எதையும் வீணாக்கக் கூடாது என்றும் சுவரில் எழுதியிருந்தது.

அமிர்தவள்ளி தானியேலைப் பார்த்தாள். அவனும் பார்த்துவிட்டிருந்தான்.

அவள் மைக்கில் கேள்விகளைக் கேட்டாள். இன்னா குடிச்ச, எவ்ளோ குடிச்ச, எப்ப குடிச்ச. அவன் காற்றில் பதில் சொன்னான். எவ்வளவு தத்ரூபம் என்று பையர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "அடுத்தது, பாட்டில கையோட எடுத்துக்கணும்," என்று சொல்லி, மேஜையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். ஒரு கையில் அவன், மறு கையில் பாட்டில். ஒத்திகையில் சொன்னபடி வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். கூட்டம் கைதட்டியது. கேட்டைத் தொட்டதும் திரும்பிவர வேண்டும் என்பதும் ஒத்திகையில் இருந்தது. இரண்டு பேரும் திரும்பவில்லை. கைதட்டல் நெடுஞ்சாலை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

வாணியம்பாடி வழியாகப் போகும் திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். மண்டை ஓட்டைப் பார்த்து யாராவது இறக்கிவிடப் போகிறார்கள் என்று பாட்டிலை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வார் மட்டும் வெளியே தெரிந்தது. தானியேல் வழியெல்லாம் அதை விரலால் தடவிக்கொண்டே வந்தான்.

"மெதுவா பேசு அங்க போயி," என்றாள்.

"வேற எப்பிடி அண்ணி பேசறது," என்று காற்றில் சிரித்தான். நாலு மாசத்தில் அவன் சிரித்தது அப்போதுதான்.

அன்பரசன் வாசலில் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார். மேகலா கதவுக்குள் நின்றாள். பாட்டிலைக் கையில் வாங்கி, வாரைப் பாதி நகத்தால் திருப்பிப் பார்த்தார்.

"எம் பொண்ணு தையலுதான்."

கதவுக்குள்ளிருந்து ஒரு மூச்சு வெளிப்பட்டது. தானியேல் எழுந்தே விட்டான்.

"இரு இரு." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைத் திருப்பினார். எழுத்துக் கூட்டி வாசித்தார். "நச்சு. குடிக்காதே. இம்மாம் பெருசா எழுதியிருக்குதேம்மா."

"அது அப்பறமா ஒட்டினது மாமா. அன்னிக்கு லேபிளே கெடையாது. ஆடிட்டுக்கு வேணும்னு பின்னாடி ஒட்டிக்கினானுங்க."

"தேதி போட்டுக்குதே. பதினொண்ணு, பதினொண்ணு. இவன் குடிச்சது பன்னெண்டாந்தேதிதான?"

"தேதியும் பொய்யி மாமா. சத்தியமா."

"நான் நம்பறேம்மா. ஊரு நம்பணுமே." அவர் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு இன்னும் கீழே பார்த்தார். முகம் தெளிந்தது. "தோ, பரிசோதித்தவர்னு யாரோ கையெழுத்து போட்டுக்கறாங்க பாரு. அவங்கள ஒரு நட கூட்டியாந்து கேட்டா தெரிஞ்சிபோவுது. அன்னிக்கு ஒட்டினியா, அப்பறமா ஒட்டினியான்னு. யாருன்னு படிச்சிச் சொல்லுப்பா, எனக்குக் கூட்டெழுத்து வராது."

பாட்டிலைத் தானியேலிடம் நீட்டினார்.

தானியேல் வாசித்தான். அண்ணன் பிள்ளைகளின் ரேங்க் கார்டில் பார்த்துப் பழகிய கையெழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே அந்தக் கோடு. அவன் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் இன்னும் கழற்றாமல் குத்தியிருந்த பச்சை பேட்ஜைப் பார்த்தான்.

"அண்ணி," என்றான். "நீ போட்டதா இது?"

குரல் காற்றாக இருந்தாலும் மேகலாவுக்குக் கேட்டது. அன்பரசன் கண்ணாடியைக் கழற்றினார்.

அமிர்தவள்ளி பாட்டிலை அவன் கையிலிருந்து பிடுங்கி, லேபிளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். மறுபடியும் சுரண்டினாள். நல்ல பசை. வரவில்லை.